தரங்கம்பாடி ராஜ வீதியில் எதிரெதிரே இரண்டு சர்ச்: எது முதல்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு தரங்கம்பாடி போயிருக்கிறீர்கள். நகர வாசலைத் தாண்டி கோட்டைப் பக்கம் நடக்கும்போது, ராஜ வீதியில் ஏறக்குறைய எதிரெதிரே இரண்டு பழைய சர்ச் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் "இந்தியாவிலேயே முதல் புராட்டஸ்டண்ட் சர்ச் இதுதான், சீகன்பால்கு கட்டினது" என்றிருக்கிறார். இன்னொருவர் "அசல் சர்ச்சைச் சுனாமி கொண்டுபோய்விட்டது, இது அப்புறம் கட்டினது" என்றிருக்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "நான் கை வைத்துப் பார்த்த சுவர் உண்மையிலேயே 300 வருஷத்துச் சுவர்தானா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் சிவில் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலை, பெரும்பாலும் கடலோர ஊர்களில், பெரும்பாலும் சுண்ணாம்புக் கட்டடங்கள். அதனால் செங்கல், பூச்சு, கூரை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆவணங்கள் விஷயம் அப்படி இல்லை. தரங்கம்பாடி மிஷனரிகள் எழுதிய கடிதங்களின் பெரும் தொகுப்பு ஜெர்மனியில் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கிறது, தரங்கம்பாடியை நடத்திய டேனிஷ் வியாபாரக் கம்பெனியின் ஆவணங்கள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தை நான் படிக்க மாட்டேன். அச்சான பகுதிகளையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் படித்தவன் அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் வைத்துவிடலாம். இரண்டில் பழைய கட்டடம் சீயோன் ஆலயம். அது 1701-இல் பிரதிஷ்டை ஆனது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அந்த ஊருக்கு வருவதற்கே இன்னும் ஐந்து வருஷம் இருந்தது, ஆகவே அதை அவர் கட்டவில்லை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, அங்கேயே தங்கி வியாபாரம் செய்த டேனிஷ்காரர்கள் தங்கள் சொந்த வழிபாட்டுக்காகக் கட்டிக்கொண்ட சர்ச் அது. கம்பெனி அதிகாரிகள், சிப்பாய்கள், அவர்களுடைய குடும்பங்கள், கம்பெனி சம்பளம் கொடுத்த டேனிஷ் பாதிரிமார், இவர்களுக்கான இடம். பிற்பாடு அதில் நிறைய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. இப்போது அது தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது.

எதிர்ப் பக்கம் இருப்பது புது எருசலேம் ஆலயம். அடிக்கல் 1717 பிப்ரவரியில், பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11. இதைக் கட்டியவர்தான் சீகன்பால்கு. பெயரிலேயே 'புது' என்று இருப்பதைக் கவனித்தீர்களா? பழையது ஒன்று இருந்தால்தானே புதுசு என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பழைய எருசலேம் ஆலயம் 1707 ஆகஸ்ட் 14-இல் பிரதிஷ்டையாகி, அப்புறம் இல்லாமலே போனது. உங்களுக்குச் சொன்ன இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மூன்று கட்டடங்களின் கதையை இரண்டு கட்டடங்களுக்குள் திணித்துவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, 1706-க்கு வருவோம். டென்மார்க் அரசர் நாலாம் பிரெடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிச் புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அந்த வருஷம் ஜூலை 9-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு மறுநாள் 24 வயது. கம்பெனிக்காரர்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் மதப் பிரச்சாரம் செய்து ஊரைக் கிளப்பிவிடுவார்களோ என்ற பயம். இந்தச் சண்டை முற்றித்தான் 1708 கடைசியில் சீகன்பால்குவை நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்து வைத்தார்கள். இதற்கிடையில் இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களில் அப்போது பொதுப் பேச்சு மொழியாக இருந்த போர்ச்சுகீசியத்தைப் புளுட்சோவும், தமிழைச் சீகன்பால்குவும் எடுத்துக்கொண்டார்கள். 1707 மே 12-இல் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர், டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அது நடந்த இடம், நீங்கள் பார்த்த அந்தச் சீயோன் ஆலயம். எஜமானர்களின் சர்ச்சில் அடிமைகளுக்கு ஞானஸ்நானம். அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஐந்து பேர்தான்.

அடுத்த மூன்று மாதத்தில் முதல் எருசலேம் ஆலயம் எழும்பிவிட்டது. பிரதிஷ்டை நாளில் போர்ச்சுகீசியத்திலும் தமிழிலும் பிரசங்கம் நடந்தது. சின்னக் கட்டடம், அவசரமாகக் கட்டினது. ஆனால் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று பாருங்கள். இந்த ஊர் மக்கள் உட்கார்ந்து, தங்களுக்குப் புரிகிற பேச்சில் கேட்பதற்காக.

இப்போது அந்த 'முதல்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் சர்ச் என்று 1701 சீயோனையோ 1718 எருசலேமையோ சொன்னால் அது தவறு. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது, இன்றைக்கும் நிற்கிறது. அதற்கும் முன்னால் 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது அங்கிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கட்டினவர்கள் போர்ச்சுகீசியர் என்றாலும் அங்கே நடந்தது புராட்டஸ்டண்ட் ஆராதனை. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை என்று பார்த்தாலும் தரங்கம்பாடி முதல் இல்லை. 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற போதகர் அங்கே தங்கி, ஊர் ஊராகத் தமிழ்ச் சபைகளைக் கவனித்திருக்கிறார். இது சீகன்பால்கு பிறப்பதற்கே முன்னால் நடந்தது.

அப்படியென்றால் தரங்கம்பாடிக்கு எது மிச்சம்? நிறையவே மிச்சம். ஐரோப்பியர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சர்ச்சுகளைத் தள்ளிவைத்துவிட்டு, இந்திய மண்ணில் இந்திய மக்களின் சபைக்காகவே ஒரு புராட்டஸ்டண்ட் மிஷன் கட்டிய ஆலயம் என்று பார்த்தால் 1707 எருசலேம்தான் தொடக்கம். அது போன பிறகு இன்றைக்கு நிற்பதில் மூத்தது 1718 ஆலயம். "முதல் புராட்டஸ்டண்ட் சர்ச்" என்பதைவிட இது நீளமான வாக்கியம், பலகையில் எழுத வசதியாக இருக்காது. ஆனால் உண்மை இதுதான், என்னைக் கேட்டால் பெருமையும் இதில்தான் கூடுதல். இதே மாதிரிதான் அச்சு விஷயமும். "தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடி" என்று சிலர் சொல்வார்கள். இல்லை, 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியில் 1714, 1715-இல் வந்தது தமிழ்ப் புதிய ஏற்பாடு. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு அச்சானது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கவனமாகச் சொன்னால் யாரும் மறுக்க முடியாத பெருமை, அவசரமாகச் சொன்னால் யார் வேண்டுமானாலும் உடைக்கலாம்.

அடுத்தது சுனாமி. பழைய எருசலேம் ஆலயத்தை 1715-இல் ஒரு சுனாமி அழித்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், ஆண்டு எல்லாம் போட்டு. இதை நான் உறுதியான வரலாற்றுப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். முதல் காரணம், 2004-க்கு முன்னால் சுனாமி என்ற சொல்லே நம் ஊர்ப் பேச்சில் கிடையாது. 300 வருஷத்துக்கு முந்தின ஒரு சம்பவத்துக்கு அந்தப் பெயரைப் போடுகிறவர்கள் மூல ஆவணத்தில் என்ன சொல் இருக்கிறது என்று காட்டுவதில்லை. புயலாக இருக்கலாம், கடல் பொங்கினதாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம். இரண்டாவது, புது ஆலயம் கட்டியதற்குச் சபை பெருகிப் பழைய இடம் போதாமல் போனதே போதுமான காரணம். பத்து வருஷத்தில் சபை பல மடங்கு பெருகியிருந்தது. அவசரமாகக் கட்டிய சின்னக் கட்டடத்தில் அத்தனை பேர் எப்படி உட்கார முடியும்?

ஆனால் கடல் எதையும் தொடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய எருசலேம் கடலுக்குப் பக்கத்தில் இருந்ததாகத்தான் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள், அந்தக் கடற்கரை எப்படிப்பட்டது என்பதற்கு உங்கள் கண் முன்னாலேயே சாட்சி நின்றது, கவனித்தீர்களோ இல்லையோ. கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊருக்குச் சடங்கன்பாடி என்ற பழைய பெயர் இருந்தது அதன் கல்வெட்டில்தான் தெரிகிறது. கட்டும்போது யாரும் அலை அடிக்கிற இடத்தில் கோயில் கட்டியிருக்க மாட்டார்கள். கரை மெல்ல மெல்ல உள்ளே வந்து கோயிலின் முன்பகுதியைத் தின்றுவிட்டது. ஒரே நாளில் வந்த ஒரு பேரலை செய்த வேலை இல்லை அது, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் அறுத்தது. 1730-களில் டேனிஷ்காரர்கள் வரைந்த நகர வரைபடத்தை இன்றைய கரையோடு ஒப்பிட்டால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று தெரியும். பழைய எருசலேமின் இடமும் இப்படி அரிப்பில் போயிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். 'ஒரே நாளில் சுனாமி' என்பது சுவையான கதை.

புது ஆலயத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதைக் கட்டுவதற்கு வந்த எதிர்ப்பு. எதிர்ப்பு வந்தது உள்ளூரிலிருந்து இல்லை, கோபன்ஹேகனிலிருந்து. மிஷன் வேலையை மேற்பார்வை செய்ய 1714-இல் அங்கே ஒரு குழு அமைத்தார்கள். அதன் செயலாளராக இருந்த கிறிஸ்டியன் வெண்ட் என்பவருக்கு ஆலயம், பள்ளிக்கூடம் என்று பணத்தைக் கட்டடத்தில் போடுவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்போஸ்தலர்கள் கட்டடமா கட்டினார்கள், நடந்து போய்ப் பிரசங்கித்தார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பது அவருடைய கட்சி. சீகன்பால்கு நேர்மாறாக நினைத்தார். ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் அந்த மக்கள் எங்கே கூடுவார்கள், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்பது அவருடைய கவலை. கடல் தாண்டிக் கடிதம் போய் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிற காலம். கடுமையான கடிதங்கள் வந்து சேர்ந்தபோது ஆலயம் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது, அவருக்கு உடம்பும் கெட்டுப்போயிருந்தது. பிரதிஷ்டை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23-இல் இறந்துபோனார். வயது 36. தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கூட வேலை செய்த குருண்ட்லர் அடுத்த வருஷம் மார்ச்சில் இறந்தார். உள்ளே பீடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அவர். அடுத்த முறை போனால் கொஞ்ச நேரம் அங்கே நில்லுங்கள். அந்த ஊர் லுத்தரன் பெரியவர்கள் இன்றைக்கும் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள், "சீகன்பால்கு ஐயர்" என்றுதான் சொல்வார்கள், சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

வெளியே வந்து முகப்பை நிமிர்ந்து பாருங்கள். நாலாம் பிரெடெரிக் அரசரின் முத்திரை, அதாவது அவருடைய பெயரின் முதலெழுத்தும் நாலு என்ற எண்ணும் பின்னி மேலே கிரீடம் வைத்தது, கூடவே 1718 என்ற ஆண்டு, சுதையில் இருக்கும். நிறையப் பேர் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் கண்ணுக்கு அது கம்பெனிக்காரர்களுக்கும் ஊருக்கும் சேர்த்துச் சொன்ன சேதி. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதரைக் கோட்டைக்குள் பூட்டி வைத்தவர்களின் வீதியில், அவர்களுடைய சர்ச்சுக்கு எதிரிலேயே, அரசரின் முத்திரையோடு ஒரு தமிழ்ச் சபையின் ஆலயம். 1716 வாக்கில் கம்பெனியின் தலைமை மாறி உறவு சீரானதால்தான் இந்த இடத்தில் கட்ட முடிந்தது. முன்னால் ஒதுக்குப்புறமாக இருந்த சபை இப்போது ராஜ வீதிக்கு வந்துவிட்டது. இரண்டு சர்ச் ஏன் இவ்வளவு கிட்டே என்று தோன்றியிருந்தால், பதில் இதுதான். தேவைக்கு ஒன்று போதாமல் இரண்டாவது கட்டவில்லை. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று சபைக்கு. முத்திரையையும் இடத்தையும் சேதியாகப் பார்ப்பது என் வாசிப்பு, யாரும் எழுதி வைத்த நோக்கம் இல்லை, ஆனால் அந்த வீதியில் நின்று பார்த்தால் வேறு மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனால் கட்டடம் சிலுவை வடிவில் இருப்பது தெரியும், நாலு கைகளும் ஏறக்குறைய சம அளவு. இதைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு, சாதி வாரியாகத் தனித்தனியாக உட்கார வைப்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள் என்று. இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடிச் சபையில் வேளாளர்களும் பறையர்களும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்பது உண்மை, மிஷனரிகளே அதை எழுதியிருக்கிறார்கள், சங்கடத்தோடு எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் நிறுத்தவில்லை. அதைவிடக் கசப்பான சாட்சி ராஜநாயக்கன் உபதேசியாரின் கதை (உபதேசியார் என்றால் போதகருக்குக் கீழே இருந்து சபைக்குக் கற்பிக்கிறவர்). தஞ்சாவூர்ப் படையில் இருந்த கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து இந்தச் சபைக்கு வந்தவர், தஞ்சைப் பகுதியில் இவரளவு உழைத்தவர்கள் குறைவு. 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். 1741-இல் இரண்டாவது போதகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் பேச்சில் இருந்தது. அவர் பறையர் என்பதால், அவர் கையால் இராப்போசனம் வாங்க மற்றவர்கள் மறுப்பார்கள் என்று சொல்லி வேறொருவரை அபிஷேகம் செய்தார்கள். கடைசி வரை உபதேசியாராகவே இருந்து இறந்தார். இந்த ஆலயத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் சிலுவை வடிவமே இதற்காகத்தான் வரையப்பட்டது என்பதற்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை. பிரசங்கம் எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பதற்காகச் சம கைகள் கொண்ட சிலுவை வடிவ ஆலயங்களை லுத்தரன்கள் ஐரோப்பாவிலும் கட்டியிருக்கிறார்கள். வடிவம் அங்கிருந்து வந்திருக்கலாம், பழக்கம் இங்கிருந்து வந்து அந்த வடிவத்துக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டிருக்கலாம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. மிஷன் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனுக்குப் போனது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டதும் சுவீடன் சபை கைகொடுத்தது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக உருவானது, புது எருசலேம் இன்றைக்கும் அதனுடையது. அதன் பேராயருக்குத் 'தரங்கம்பாடிப் பேராயர்' என்றுதான் பட்டம், தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தாலும். ஆங்கிலேயர்களுக்குத் தரங்கம்பாடித் துறைமுகம் தேவைப்படவில்லை, நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பிறகு இருந்த வியாபாரமும் அங்கே போய்விட்டது. ஊர் சுருங்கிப்போனது. மக்களுக்கு அது கஷ்டம்தான், ஆனால் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதுசு கட்டும் அளவுக்கு யாரிடமும் பணம் புழங்காததால்தான் ராஜ வீதி இன்னும் ராஜ வீதியாக இருக்கிறது. இன்றைக்கு அது மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, நீங்கள் கை வைத்த சுவர். இங்கேதான் என் தொழில் வருகிறது. சோழமண்டலக் கரையில் அந்தக் காலக் கட்டடம் என்றால் சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. அதை நீற்றி, ஊற வைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டிய சுவர் சீக்கிரம் இறுகாது, வருஷக்கணக்கில் காற்றை வாங்கி வாங்கிக் கல்லாகும். கனம் அதிகமாக வைப்பார்கள், அந்தக் கனத்தை ஜன்னல் பக்கவாட்டில் கை வைத்தாலே உணரலாம். இந்தச் செங்கல் உடம்பு 300 வருஷம் நிற்கக்கூடியது, நின்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஊருக்குள் கடல் வந்தபோது மீனவர் குடியிருப்பில் எத்தனையோ உயிர் போனது, இந்த வீதியின் கனத்த சுவர்கள் நின்றன.

ஆனால் மேல் பூச்சு அப்படி இல்லை. கடலோரத்தில் தரையிலிருந்து உப்புத் தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறும், காற்றிலும் உப்பு வரும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பூச்சில் பூத்து அதைப் பொடியாக்கும். சுண்ணாம்புப் பூச்சின் வேலையே அதுதான், தான் உதிர்ந்து உள்ளே இருக்கும் செங்கலைக் காப்பாற்றுவது. அதனால் அதைக் கொஞ்ச வருஷத்துக்கு ஒரு முறை கொத்திவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும், வருஷா வருஷம் வெள்ளை அடிக்க வேண்டும். ஒரு கடலோர ஊரில் பழைய ஆலயம் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள், ஊர் பெயர் வேண்டாம். பூச்சு உதிர்கிறதே என்று எங்களுக்கு முன்னால் யாரோ நல்ல எண்ணத்தில் ஆளுயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்க்கக் கெட்டியாக, பளிச்சென்று இருந்தது. விரல் முட்டியால் தட்டினேன், உள்ளே பொக்கென்று சத்தம். உளி வைத்து ஒரு சாண் எடுத்ததும் சிமெண்ட் பலகை மாதிரி கழன்று வந்தது, பின்னால் செங்கல் ரவை மாதிரி கொட்டியது, என் உள்ளங்கை நிறைய. சிமெண்ட் வழியாக ஈரம் வெளியே வர முடியாமல், உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து அதைத் தின்றிருக்கிறது. இருநூறு வருஷம் தாங்கின சுவர் பத்துப் பதினைந்து வருஷத்தில் போன கதை அது. அதே சுவரில் மேலே, சிமெண்ட் தொடாத இடத்தில், பழைய வெள்ளைப் பூச்சைக் கத்தி முனையால் நீவியபோது ஏடு ஏடாகப் பிரிந்தது, மெல்லிசான தோல்கள், ஒன்றின் மேல் ஒன்று. இருபத்தேழு வரை எண்ணினேன், அப்புறம் எண்ண முடியவில்லை.

ஆகவே புது எருசலேமில் உங்கள் விரல் பட்டது அநேகமாகச் சமீபத்துப் பூச்சு, அதன் மேல் அடித்த வண்ணம். கட்டடம் பலமுறை பழுது பார்க்கப்பட்டது. கூரையிலும் கதவு ஜன்னல்களிலும் எந்தத் துண்டு எந்தக் காலத்தது என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அந்தப் பூச்சுக்குப் பின்னால் ஓர் அங்குலம் தள்ளி இருக்கிற செங்கல் 1717-இல் யாரோ ஒரு கொத்தனார் இந்த ஊர் சுண்ணாம்பைக் குழைத்து வைத்தது. அடுத்த முறை போகும்போது எங்காவது பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறதா பாருங்கள். இப்போதைய செங்கலைவிட மெலிசாக, கொஞ்சம் அகலமாக, ஓரம் மழுங்கி இருக்கும், இடையில் இருக்கும் காரையில் சில சமயம் கிளிஞ்சல் துண்டுகூடத் தெரியும். அப்படி ஓர் இடம் கிடைத்தால் அங்கே கை வைத்துப் பாருங்கள், அது 300 வருஷத்துச் சுவர்தான். நகத்தால் மட்டும் சுரண்டாதீர்கள்.